பிராணவாயுவின் யோக்கியதை

(தூத்துக்குடிக்கு மேற்கே, திருநெல்வேலி சாலையிலுள்ள புதுக்கோட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேசவேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம் மூச்சைப் பற்றியதாகும். மூச்சைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது, பிறந்தவுடன் தானே வருகின்றது, நின்றுபோனால் பாடை கட்டிவிடுகிறார்கள், இதற்கு ஒரு கூட்டம் வேறா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சென்ற வருஷம் என் சொந்த வீட்டில் நடந்த ஒரு காரியம் என்னை இதைப் படிக்கும்படி செய்துவிட்டது. அந்தக் காரியம் எனக்கு அவமானமானதுதான். ஆனாலும் பின்னால் அதையும் சொல்லுகிறேன்.

நம் புதுக்கோட்டை ராஜா இருந்த புதுக்கோட்டையல்ல. இங்கு அரண்மனையும் கிடையாது, தர்பாரும் கிடையாது. இங்கிருந்து கிழக்கே போனால் உப்பளம், அதற்கப்பால் துறைமுகம், அதற்கும் அப்பால் முத்தும் சங்கும் விளைந்த கடல். ஆகையால் மூச்சின் அருமையை நமக்குச் சொல்ல வேறு ஊரிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. மூச்சை அடக்கியே பிழைத்த ஜனங்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். 1961-ஆம் வருஷத்தோடு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது என்றாலும், அதைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருவர் இருக்கலாம். காலில் கல்லை மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையுடன் இறங்கி, அடியிலே ஒரு நிமிஷமோ, நன்றாய்ப் பழகியிருந்தால் அதற்குச் சற்று மேலோ தங்கி, கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார்கள். மேலே இருப்பவன் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பது வழக்கம் என்று சொல்லுவார்கள். தன் உடன்பிறந்தாள் தாலியறுக்கக் கூடாதே என்ற பயமாவது அவனுக்கு இருக்குமல்லவா! (சிரிப்பு) சாமி பேரில் பாரத்தைப் போடாமல் மைத்துனன் பேரில் போட்டார்களே, அந்த மட்டிலும் அவர்கள் பகுத்தறிவுக்காரர்கள்தான்.

ஆனால் சாமிக்கும் ஒரு பங்கு போகாமல் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் தேசத்துப் பக்கம் வந்த மார்க்கோ போலோ என்னும் வெனீஸ் நகரத்து வியாபாரி எழுதிவைத்துப் போயிருக்கிறான். குளித்தெடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு சுறாமீனை மந்திரத்தால் கட்டுகிற பிராமணர்களுக்கு. இந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தானாம். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்களாம். ஏனெனில் இரவெல்லாம் சுறா கட்டுண்டு கிடந்தால் திருடன் இறங்கி முத்தெடுத்துவிடுவானாம்! தோழர்களே, நான் கேட்கிறேன், சுறாவைக் கட்டத் தெரிந்தவன் அந்தத் திருடனைக் கட்டிவிடக்கூடாதா? பின்னாளில் இந்தத் தொழில் கைமாறி, "கடல்கட்டி" என்ற பெயரில் வேறு சிலரிடம் வந்தது. வெள்ளைக்காரச் சர்க்காரும்கூட ஜனங்கள் இறங்கமாட்டேன் என்கிறார்களே என்று அவர்களுக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. இதை நான் பரிகாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஆபத்து உண்மையானது, பயமும் உண்மையானது. அந்தப் பயத்தைக் காசாக்குகிறவன் மாத்திரம் காலத்துக்குக் காலம் வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுது அந்த முத்துக்குளிப்பவனுடைய உடம்புக்குள் போவோம். அவன் அடக்கிய அந்த ஒரு மூச்சு எங்கே போகிறது? நெஞ்சுக்குப் போகிறது என்பீர்கள். நெஞ்சு அதற்குச் சத்திரம் மாதிரி. அதன் ஊர் வேறு. நுரையீரலிலிருந்து ரத்தத்தில் ஏறி, ரத்தத்திலிருந்து உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் போகிறது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு அறை. நம் உடம்பு இப்படிப்பட்ட கோடானுகோடி அறைகளால் கட்டப்பட்டது. அந்த அறைக்குள் அதைவிடச் சிறிய பைகள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். 1898-ல் பெண்டா என்ற ஜெர்மன் தேசத்தார் வைத்த பெயர். ஈரல் செல் ஒன்றில் இவை ஆயிரத்துக்குக் குறையாமல் இருக்கும். ஓயாமல் அடித்துக்கொள்ளுகிற இருதயத்தின் தசையிலோ இடத்தில் மூன்றில் ஒரு பங்கை இவையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இங்கேதான் நாம் தின்ற சோறு எரிகிறது. எரிகிறது என்றால் அடுப்பு மாதிரி பக்கென்று எரிவதல்ல. சோற்றிலுள்ள சத்திலிருந்து எலெக்ட்ரான் என்னும் மின்துகளை உருவி எடுத்துப் படிப்படியாய் இறக்குகிறது. துறைமுகத்திலே ஆட்கள் வரிசையாய் நின்று, மூட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி ஆளிடம் கொண்டு சேர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அதைப் போல நான்கு பெரிய கூட்டுப்பொருள்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்து நின்றுகொண்டு எலெக்ட்ரானைக் கைமாற்றுகின்றன. நடுவிலே ஓடி ஓடிச் சுமக்கிற ஆள் யூபிகுயினோன் என்ற ஒரு கொழுப்புப் பொருள். வரிசையின் கடைசியில் நிற்பதுதான் பிராணவாயு. அது நான்கு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடுகிறது. ஆகவே மூச்சு விடுவது எதற்காக என்று ஒருவர் கேட்டால், கடைசிக் கையில் மூட்டை தேங்காமலிருப்பதற்காக என்று தாராளமாய்ப் பதில் சொல்லலாம். "பிராணன்" என்று பெயர் வைத்து, அது மேலே போகிறது கீழே போகிறது என்று எவ்வளவோ எழுதிவைத்தார்கள். அது போகிற இடம் இதுதான்.

மூட்டை கைமாறினால் பலமெங்கே வருகிறது? ஒவ்வொரு கைமாற்றிலும் கிடைக்கிற உந்துதலைக் கொண்டு, ஹைட்ரஜனின் மின்னேறிய துகள்கள் உட்சவ்வுக்கு வெளியே இறைக்கப்படுகின்றன. வெளியே அவை அணைக்கட்டுத் தண்ணீர் போலத் தேங்குகின்றன. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரை மேலிருந்து இறக்கிச் சக்கரத்தைச் சுற்றி 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்களே, அதே தந்திரம்தான். தேங்கிய துகள்கள் ஒரே ஒரு மதகு வழியாகத்தான் உள்ளே திரும்பலாம். அந்த மதகில் நிஜமாகவே சுழலுகிற ஒரு சக்கரம் இருக்கிறது. சுற்றுவதை 1997-ல் ஜப்பானியர் நுண்ணோக்கியில் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். இந்த அணைக்கட்டு யோசனையை 1961-ல் இங்கிலாந்துக்காரரான பீட்டர் மிட்செல் சொன்னபோது பண்டிதர்கள் சிரித்தார்கள். 1978-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். சக்கரம் சுற்றி உண்டாக்குகிற சரக்குக்கு ஏ.டி.பி. என்று சுருக்கப்பெயர். நெல்லைக் காசாக்கினால்தான் கடையில் செல்லும் என்பது போல, சோறு ஏ.டி.பி. ஆனால்தான் கைகால் அசையும். ஒரு மனிதன் ஒரு நாளைக்கு ஏறக்குறையத் தன் எடையளவு ஏ.டி.பி.யை உண்டாக்கி உண்டாக்கிச் செலவழிக்கிறான். கையிருப்போ சில பலம்தான் இருக்கும். அதனால்தான் மூச்சு நின்ற சில நிமிஷங்களில் மூளை அணையத் தொடங்குகிறது. உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, நாம் வாங்குகிற பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது.

இந்த ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லப்பிரகட சுப்பாராவ் என்ற ஆந்திரர். கதர் உடுத்திக்கொண்டு போனார் என்பதற்காக அவருடைய வெள்ளைக்கார ஆசிரியருக்குக் கோபம் வந்து, பரீட்சை நன்றாய் எழுதியும் பெரிய பட்டம் கிடைக்காமல் சிறிய பட்டத்தோடு வெளியே வந்தார். பின்பு அமெரிக்கா போய்ச் சேர்ந்து, ஹார்வர்டில் பிஸ்க் என்பவருடன் கூட வேலை செய்து 1929-ல் இதை வெளியிட்டார். அதே வருஷத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். 1948-ல் சுப்பாராவ் இறந்தபோது அவருக்கு வயது 53. அவர் கையால் வந்த மருந்துகள் இன்னும் உலகம் முழுதும் கொடுக்கப்படுகின்றன. நமது ஊர்களில் எத்தனையோ சாமியார்களுடைய பிறந்த நட்சத்திரம் வரையில் தெரிந்திருக்கிற நமக்கு இவர் பெயர் தெரியாது!

சரி, இதுவரை நான் சொன்னது பிராணவாயுவின் பெருமை. இனித்தான் அதன் யோக்கியதை.

வரிசையில் கடைசியாய் நிற்கிற ஆள் நான்கு எலெக்ட்ரானும் வந்து சேரும் வரையில் பிராணவாயுவை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறான், விடுவதேயில்லை. ஆகையால் அங்கே தொந்தரவு குறைவு. தொந்தரவெல்லாம் நடுவில்தான். முதல் கூட்டுப்பொருளிலும் மூன்றாவது கூட்டுப்பொருளிலும் எலெக்ட்ரான் சற்று நேரம் கையில் தளர்வாய் இருக்கிறது. அந்தச் சமயத்தில் அங்கே சுற்றித் திரிகிற பிராணவாயு ஒன்று, நான்குக்குக் காத்திராமல் ஒன்றை மட்டும் பறித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. நான்கு வாங்கினால் அது தண்ணீர், சாது. ஒன்றே ஒன்று வாங்கினாலோ அது ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு அலைகிற ஒரு பொருள். இதற்கு சூப்பர்ஆக்ஸைடு என்று பெயர். இப்படி ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு இருப்பவற்றுக்குப் பொதுப் பெயர்தான் பிரீ ராடிகல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தனி உறுப்பு என்று போட்டிருக்கிறார்கள். ஜோடி இல்லாததால் அகப்பட்டவனிடத்தில் பறிக்கும். பறிகொடுத்தவன் அடுத்தவனிடத்தில் பறிப்பான். கொழுப்பும், புரதமும், பரம்பரைக் குறிப்புகள் எழுதியிருக்கிற டி.என்.ஏ. என்னும் இழையும் இதில் அடிபடும். கடற்கரை ஊரில் புது இரும்புக் கதவைப் போட்டு இரண்டு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். அதைத் தின்றதும் பிராணவாயுதான், நம்மை வாழ வைப்பதும் பிராணவாயுதான்.

எவ்வளவு ஒழுகுகிறது? முதலில் கண்டவர்கள் நாம் வாங்குகிற பிராணவாயுவில் 100-க்கு 1 அல்லது 2 பங்கு இப்படிக் கெட்டுப்போகிறது என்றார்கள். அது உடம்பிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவைக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்த கணக்கு. பின்னர் உடம்பிலிருக்கிற நிலைமைக்கு நெருங்கி அளந்தவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் என்கிறார்கள். பழைய கணக்கையே இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிற விளம்பரக்காரர்கள் அநேகர். விஞ்ஞானம் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும், விளம்பரம் திருத்திக்கொள்ளாது.

இன்னொரு வேடிக்கை. மிகவும் உழைக்கிறபோதுதான் ஒழுக்கு அதிகமாயிருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். சோதனையில் கண்டது வேறு. சக்கரம் நன்றாய்ச் சுற்றும்போது அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருப்பதால் மூட்டை வரிசை தடையில்லாமல் ஓடுகிறது. பறிப்பதற்குச் சந்தர்ப்பம் குறைவு. செலவில்லாமல் சக்கரம் மந்தமாகி, அணை நிரம்பி வழியும்போதுதான் வரிசை முட்டிக்கொண்டு ஆளுக்கு ஆள் மூட்டையோடு நிற்கிறான். அப்பொழுதுதான் களவு அதிகம். தின்றுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கிற மிராசுதார் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளுவார். (சிரிப்பு)

நான் இவ்வளவு நேரம் சொன்னதை நீங்கள் நம்பவேண்டுமென்பதில்லை. கண்ணால் பார்த்துவிடுங்கள். (மேஜைமேல் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துக் காட்டி) இது மருந்துக் கடையில் புண் கழுவ விற்கிற ஹைட்ரஜன் பெராக்ஸைடு. சூப்பர்ஆக்ஸைடு உடம்பில் உண்டான மாத்திரத்தில் அதைப் பிடித்து இந்தப் பெராக்ஸைடாக மாற்றுகிற ஒரு காவற்காரன் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறான். ஆகவே இதே சரக்கு, மிகமிகச் சொற்ப அளவில், இந்த நிமிஷத்தில் உங்கள் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் உண்டாகிக்கொண்டிருக்கிறது. இதை அப்படியே விட்டுவைக்கலாமா என்றால் கூடாது. இரும்புச் சத்தின் பக்கம் போனால் இது பிளந்து, எல்லாவற்றிலும் பொல்லாத ஹைட்ராக்ஸில் என்ற ராடிகலாகிவிடும். அதனால் உடம்பு இரண்டாவது காவற்காரனையும் வைத்திருக்கிறது. இதோ ஒரு துண்டு பச்சை ஆட்டு ஈரல். தம்ளரில் போடுகிறேன். பாருங்கள், பாற்குடம் மாதிரி பொங்குகிறது! ஈரலிலுள்ள கேட்டலேஸ் என்னும் பொருள் அந்தப் பெராக்ஸைடைத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் உடைக்கிறது. பொங்குகிறது பிராணவாயுதானா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக ஓர் ஊதுவத்தியும் கொண்டுவந்திருக்கிறேன். என் கையில் ஊதுவத்தியைப் பார்த்துத் தலைவர் அவர்கள் திடுக்கிட வேண்டாம். (சிரிப்பு) கொளுத்தி, அணைத்து, கங்கு மட்டும் வைத்து நுரைக்குமேல் காட்டுகிறேன். கங்கு பிரகாசிப்பதைப் பாருங்கள். இனி, இதோ வேகவைத்த ஈரல். இதைப் போட்டால் பொங்கவில்லை. வெந்த காவற்காரன் வேலை செய்யமாட்டான். இதைத் தாயார்மார்கள் வீட்டில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டும் செய்து பார்க்கலாம். யார் செய்தாலும் பொங்கும். ஆஸ்திகன் செய்தாலும் பொங்கும்.

முதல் காவற்காரனை 1969-ல் அமெரிக்காவில் மக்கார்ட், பிரிடோவிச் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். 1995-ல் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிற அந்தக் காவற்காரன் இல்லாமலே எலிக்குஞ்சுகளைப் பிறக்கச் செய்து பார்த்தார்கள். அவை பிறந்த சில தினங்களிலேயே இருதயம் வீங்கிச் செத்துப்போயின. ஒழுக்கு உண்மை, காவலும் அவசியம் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை. நம் தேசத்தாரும் இதில் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டி. ராமசர்மா என்பவர் யூபிகுயினோனைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ச்சி செய்து, உயிர்ச்சவ்வுகளில் பெராக்ஸைடு எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி 1982-ல் விரிவாக எழுதினார்.

1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் மூப்பே இந்தத் துருவினால்தான் வருகிறது என்ற ஓர் அபிப்பிராயத்தை வெளியிட்டார். மூப்பும் நோயும் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்த உலகத்துக்கு அது பெரிய காரியந்தான். எழுதினவன் யார், என்ன மையால் எழுதினான் என்று கேட்க அதனால் தைரியம் வந்தது. ஆனால் அவர் சொன்னது முழுவதும் நிலைத்ததா என்றால் இல்லை. 2009-ல் ஒரு வகைச் சிறு புழுவில் அந்த முதல் காவற்காரனை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். புழு அதிக நாள் உயிரோடிருந்தது! எலியில் ஒரு மாதிரி, புழுவில் ஒரு மாதிரி. ஆகவே துரு மூப்புக்கு ஒரு பங்காளி என்று சொல்லலாமே தவிர, அது ஒன்றே காரணம் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. ஹார்மன் மாத்திரம் 98 வயது வரையிலிருந்து 2014-ல் இறந்தார்.

இனி என் வீட்டுச் சங்கதி. என் தாயாருக்குச் சர்க்கரை வியாதி. அதற்கு மாத்திரை தின்று ஒழுங்காக இருந்தார்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் ஒரு டப்பாவோடு வந்தார். பளபளப்பான காகிதத்தில் மைட்டோகாண்ட்ரியா படம், அதைச் சுற்றிச் சிவப்பாய்ப் பேய்கள் மாதிரி பிரீ ராடிகல் படம். "உங்கள் உடம்பு உள்ளே துருப்பிடிக்கிறது, இந்தப் பொடி துருவை எடுத்துவிடும்" என்றார். ஒரு டப்பாவின் விலை உப்பளத்தில் இரண்டு வாரக் கூலி. விபூதி கொடுத்தால் தட்டிவிடுகிற நான், மந்திரித்த கயிற்றை அறுத்தெறிகிற நான், அந்தப் படத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஏன்? சமஸ்கிருதத்தில் சொன்னால் சந்தேகப்படப் பழகியிருந்தேன்; விஞ்ஞான வார்த்தையில் சொன்னால் சந்தேகப்படப் பழகவில்லை. இரண்டு மாதத்தில் என் தாயார், பொடிதான் இருக்கிறதே என்று சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்கள். காலில் முள் குத்தின இடம் ஆறாமல் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்கும்படியாயிற்று. டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "நீங்கள் படித்தவர்தானே?"

அதன் பிறகுதான் படித்தேன். துருவை எடுக்கும் என்று சொல்லப்படுகிற சத்துக்களைக் கொடுத்து மனிதரில் சோதித்துப் பார்த்தார்களா என்று தேடினேன். பார்த்திருக்கிறார்கள். பின்லாந்து தேசத்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 புகை பிடிக்கிற ஆண்களைப் பிரித்து, சிலருக்குக் கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டீன், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லாத வெறும் மாத்திரை என்று 5 முதல் 8 வருஷம் வரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று தின்றவனுக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது. 1994-ல் முடிவு வெளிவந்தது. பீட்டா கரோட்டீன் தின்றவர்களில் நுரையீரல் புற்று குறையவில்லை. 100-க்கு 18 வீதம் அதிகமாயிற்று! சாவும் 100-க்கு 8 வீதம் அதிகம். அமெரிக்காவிலும் 18,000-க்கு மேற்பட்டவர்களிடத்தில் பீட்டா கரோட்டீனையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்துச் சோதனை செய்தார்கள். அங்கும் புற்று அதிகமாகவே, 1996-ல் காலம் முடிவதற்கு 21 மாதத்துக்கு முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆகவேண்டும்? உடம்புக்கு இந்த ராடிகல்கள் வெறும் குப்பையல்ல. நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கினவுடன், வேண்டுமென்றே சூப்பர்ஆக்ஸைடை உண்டாக்கிக் கிருமியைக் கொல்லுகின்றன. அப்படி உண்டாக்கச் சக்தியில்லாமல் பிறக்கிற குழந்தைகள் ஓயாமல் சீழ்க்கட்டியால் கஷ்டப்படுகின்றன. இன்னும் கேளுங்கள். 2009-ல் ஜெர்மனியில் சுமார் 40 வாலிபர்களை 4 வாரம் தேகப்பயிற்சி செய்யச் சொல்லி, பாதிப் பேருக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் கொடுத்தார்கள். பயிற்சியினால் இன்சுலின் நன்றாய் வேலை செய்ய ஆரம்பித்தது யாருக்கு? மாத்திரை தின்னாதவர்களுக்குத்தான். உழைக்கும்போது உண்டாகிற சொற்பத் துருதான் "காவலைப் பலப்படுத்து" என்று செல்லுக்குத் தாக்கீது அனுப்புகிறது. டப்பா அந்தத் தாக்கீதைக் கிழித்துப் போட்டுவிட்டது. முருங்கைக்கீரையும் கொய்யாப்பழமும் தின்பது நல்லதுதான், தாராளமாய்த் தின்னுங்கள். அது வேறு, டப்பா வேறு.

மறுபடியும் முத்துக்குளிப்பவனிடம் வருகிறேன். அவன் மூச்சை அடக்கியிருக்கும் போது ஆபத்து ஒன்று. மூச்சு திரும்பும்போது ஆபத்து இன்னொன்று. அவனுக்கு ஒரு நிமிஷம் என்பதால் அது பெரிதாய்த் தெரிவதில்லை. ஆனால் மாரடைப்பு வந்தவனுடைய இருதயத் தசை மணிக்கணக்கில் பிராணவாயு இல்லாமல் முங்கிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் அங்கே சக்ஸினேட் என்ற ஒரு பொருள் தேங்குகிறது. ரத்தம் திரும்பியவுடன் அது ஒரேயடியாக எரிந்து, எலெக்ட்ரானைப் பின்னோக்கித் தள்ளி, முதல் கூட்டுப்பொருளிலிருந்து சூப்பர்ஆக்ஸைடு குபீரென்று கிளம்புகிறது என்று 2014-ல் கண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு, ரத்தம் திரும்பினால் கெடுதலா, அப்படியானால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாமே என்று யாரும் புறப்பட்டுவிடாதீர்கள்! அடைப்பை எடுக்காவிட்டால் தசை முழுவதும் சாகும். எடுத்தால் பெரும் பாகம் பிழைக்கும். எவ்வளவு நேரம் முங்கிக் கிடந்ததோ அவ்வளவுக்கு நஷ்டம். ஆகையால் நெஞ்சு வலித்தால் வாயுப்பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிராமல், அந்த நிமிஷமே தூத்துக்குடிக்கு வண்டி ஏற வேண்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று. இந்த மைட்டோகாண்ட்ரியா நமக்கு யாரிடமிருந்து வருகிறது? தாயாரிடமிருந்துதான். தகப்பன் விந்தில் வருகிற சொற்பத்தையும் கருமுட்டை அழித்துவிடுகிறது. அதற்கென்று தனியே ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு, அதிலுள்ள 16,569 எழுத்துக்களையும் 1981-ல் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டார்கள். ஆக, நம்மில் ஒவ்வொருவருடைய உயிர்மூச்சும் எரிகிற அடுப்பு, தாய் கொடுத்தது, அவளுக்கு அவள் தாய் கொடுத்தது. கோத்திரம் என்று தகப்பன் பெயரையே சொல்லி வழிவழியாய் ஓதுகிறவர்களின் கணக்கில் இவ்வளவு பெரிய சொத்து எழுதப்படவேயில்லை. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்று எத்தனை வருஷம் வழக்காடினோம்! (கைதட்டல்)

ஒரு பெரியவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "முப்பது வருஷம் சங்கு குளித்தேன். மூச்சை அடக்கி அடக்கி என் உடம்பு உள்ளே துருப்பிடித்திருக்குமா?" என்று கேட்கிறார். ஐயா, பிரான்சு தேசத்தில் மூச்சடக்கப் பழகியவர்களைச் சோதித்ததில், மூச்சடக்கிய பின் அவர்கள் ரத்தத்தில் துருவின் அடையாளம் பழகாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. உடம்பு பழகிக்கொள்ளுகிறது. ஆகவே அதற்காக நீங்கள் எந்தப் பொடியும் வாங்கவேண்டாம். ஆனால் இப்பொழுது உங்கள் பிள்ளைகள் படகில் கம்ப்ரஸரை வைத்து, டியூப் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு வெகுநேரம் அடியில் இருக்கிறார்கள். அவர்களுக்குள்ள ஆபத்து வேறு. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சடாரென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போல் குமிழியாகிவிடும். மூட்டில் வலி வரும், கால் மரத்துப்போகும், சிலருக்குக் கைகால் விழுந்தும் போகும். மெதுவாக ஏறச் சொல்லுங்கள். வலி கண்டால் எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கேள்வி எழுதிய தோழர்கள் மேடைக்குப் பக்கத்தில் வந்தால் அவர்களோடு பேசிக்கொண்டே பஸ் நிற்கிற இடம் வரையில் நடக்கிறேன்.